கர்ப்பப்பைக் கட்டிகள்: கத்தி வேண்டுமா, வேறு வழி உண்டா?

தறியில் அமர்ந்து நெய்பவளும், கழனியில் இறங்கிக் களை எடுப்பவளும் தத்தம் உடல்நலத்தைப் பற்றிப் பிறரிடம் பேசுவது அரிது. அதிலும் மாதவிலக்கைப் பற்றிய துன்பமாயின், தாயிடமும் தமக்கையிடமுங்கூட வாய் திறவாமல் பல ஆண்டுகள் பொறுத்துக்கொள்வதே நம்மிடையே வழக்கமாக இருந்துவருகிறது. இரத்தப்போக்கு மிகுந்து, உடல் வெளுத்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் நிலை வந்த பிறகே பலரும் வைத்தியரை நாடுகின்றனர். "கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, பையை எடுத்துவிட வேண்டும்" என்று அங்கே கேட்டவுடன் சிலர் அஞ்சி வீடு திரும்பி, மேலும் இரத்தம் இழக்கின்றனர். வேறு சிலரோ, மாற்று வழி உண்டா என்று வினவாமலே கையொப்பமிட்டுக் கர்ப்பப்பையை இழக்கின்றனர். இவ்விரண்டுமே நலம் தரும் வழிகள் அல்ல.

இந்நோய்க்கு இன்று பல சிகிச்சைகள் உண்டு. அவற்றுள் எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. கட்டியின் இடம், அளவு, அது தரும் தொல்லை, பெண்ணின் வயது, மகப்பேற்றில் அவளுக்குள்ள விருப்பம் ஆகிய ஐந்தையும் சீர்தூக்கிப் பார்த்தே சிகிச்சையைத் தெரிந்தெடுக்க வேண்டும். அதற்கு உதவும் பொருட்டு ஒவ்வொன்றின் தன்மையையும் இங்கே எடுத்துரைப்போம். இது பெண்டிர் மட்டும் படிக்க வேண்டிய விஷயம் அன்று. குடும்பத்தின் பணப்பையும் முடிவும் பெரும்பாலும் ஆடவர் கையில் இருப்பதால், ஆண் அங்கத்தினர்களும் இதனைக் கருத்துடன் படிப்பார்களாக.

கட்டியின் இயல்பு

கர்ப்பப்பையின் சுவர் தசையால் ஆனது. அத்தசையின் ஒரு பகுதி அளவு மீறிப் பெருகி, உருண்டு திரண்டு, நார்த்தன்மையுள்ள கட்டியாக ஆவதுண்டு. இதனையே வைத்தியர்கள் 'பைப்ராய்டு' என்கின்றனர். நாம் நார்க்கட்டி எனலாம். கடுகளவினதும் உண்டு; பூசணிக்காய் அளவினதும் உண்டு. ஒன்றே இருக்கலாம், பத்தும் இருக்கலாம். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் பெண்மைச் சுரப்புகளே இதற்கு ஊட்டம். ஆதலால் மாதவிலக்கு நின்ற பிறகு இக்கட்டிகள் பெரும்பாலும் தாமே சுருங்கிவிடுகின்றன.

இது புற்றுநோய் அன்று என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். மிகவும் பரவலாகக் காணப்படுவது இது. அமெரிக்க நாட்டில் நடைபெற்று 2003-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, ஐம்பது வயதை எட்டுவதற்குள் வெள்ளை இனப் பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பேருக்கும், கறுப்பினப் பெண்களில் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டோருக்கும் இக்கட்டி இருந்தது. அவர்களுட் பலர் ஸ்கேன் எடுக்கும் வரை அதனை அறிந்திருக்கவில்லை. தொல்லை தராத கட்டிக்குப் பெரும்பாலும் சிகிச்சையே தேவையில்லை. வைத்தியர் சொல்லும் இடைவெளியில் பரிசோதித்துக்கொண்டு வந்தாற் போதும். ஸ்கேன் தாளில் கட்டி என்ற சொல் இருப்பது மட்டுமே கத்தி வைப்பதற்குக் காரணம் ஆகாது.

கட்டியின் அளவைவிட அதன் இடம் முக்கியமானது. கர்ப்பப்பையின் உட்குழிக்குள் துருத்தி நிற்கும் கட்டி சிறியதாயினும் இரத்தத்தைப் பெருக்கும். கரு தங்குவதையும் தடுக்கலாம். சுவருக்குள்ளேயே இருப்பது பெரிதானால் வலியும் போக்கும் உண்டாக்கும். வெளிப்புறமாக வளர்வது இரத்தப்போக்கை உண்டாக்குவது அரிது. ஆனால் பெரிதானால் மூத்திரப்பையையும் மலக்குடலையும் அழுத்தும்.

முதலில் கவனிக்க வேண்டியது இரத்தம்

எந்தச் சிகிச்சையை மேற்கொள்வதாயினும், முதலில் இரத்தசோகையைப் போக்கிக்கொள்வது அவசியம். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று காட்டியது. கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது சோகையே. ஏற்கெனவே குறைந்துள்ள இரத்தத்தை மாதந்தோறும் கட்டியும் வடித்துக்கொண்டிருந்தால், அந்த உடல் ரண சிகிச்சையைத் தாங்குவது கடினம். இரும்புச்சத்து மாத்திரைகளை முறையாக உட்கொள்ள வேண்டும். மாத்திரையுடன் தேநீரோ காப்பியோ அருந்தலாகாது. மிகவும் குறைந்துவிட்டவர்களுக்கு இரும்புச்சத்தை நரம்பு வழியாகவும் ஏற்றுவர்.

மருந்துகளால் ஆகக்கூடியதும் ஆகாததும்

மருந்துகளை இரு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, கட்டியைத் தொடாமல் இரத்தப்போக்கை மட்டும் குறைப்பது. இதில் முதன்மையானது டிரானெக்சாமிக் அமிலம். ஜப்பானிய மருத்துவ அறிஞர் உட்டாகோ ஒக்கமோட்டோவும் அவருடைய கணவரும் கண்டறிந்து 1962-இல் வெளியிட்ட மருந்து இது. பிரசவத்தின்போது இரத்தப்போக்கால் தாய்மார் மாண்டுபோவதைத் தடுக்க வேண்டும் என்பதே அவ்வம்மையாரின் நோக்கம். போக்கு மிகுந்த சில நாட்களில் மட்டும் இதனை உட்கொண்டாற் போதும். இரத்தக்குழாயில் உறைகட்டி ஏற்பட்ட வரலாறு உள்ளவர்கள் இதனைத் தவிர்க்க வேண்டும். ஹார்மோன் சுரக்கும் காப்பர்-டி போன்ற சாதனம் ஒன்றைக் கர்ப்பப்பைக்குள் பொருத்துவதும் இவ்வகையே. பல ஆண்டுகள் பயன்தரும் இது மாதப்போக்கைப் பெரிதும் குறைக்கும். ஆனால் உட்குழி கட்டியால் கோணியிருந்தால், தானே வெளியேறிவிடக்கூடும்.

இரண்டாம் வகை, பெண்மைச் சுரப்புகளை அடக்கிக் கட்டியையே சுருக்குவது. லூப்ரோலைடு முதலிய ஊசிகள் இவ்வேலையைச் செய்கின்றன. மாதவிலக்கு நின்றுபோனதைப் போன்ற நிலையைத் தற்காலிகமாக உண்டாக்குவதால் கட்டி சுருங்கும், போக்கும் நிற்கும். அதே காரணத்தால் உடம்பில் வெப்பம் பரவுதல், எலும்பு தேய்தல் ஆகியவையும் நேரும். ஆகவே தனியாக ஆறு மாதத்திற்கு மேல் இதனைத் தருவதில்லை. ஊசியை நிறுத்தினால் கட்டி மீண்டும் வளரும். ரண சிகிச்சைக்கு முன் மூன்று மாதம் இதனைத் தந்து, இரும்புச்சத்தும் கொடுத்து, இரத்தத்தை மீட்டுக்கொள்வது நல்ல முறை. எலாகோலிக்ஸ், ரெலுகோலிக்ஸ் என்னும் மருந்துகளைச் சிறிதளவு ஹார்மோனுடன் சேர்த்துச் செய்த மாத்திரைகளை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் முறையே 2020-லும் 2021-லும் அங்கீகரித்தது. அவற்றுக்கும் இரண்டாண்டு என்ற வரம்பை அது விதித்தது.

ஆக, மருந்து என்பது பெரும்பாலும் காலத்தைக் கடத்த உதவும் துணையே. மாதவிலக்கு நிற்கும் வயதை நெருங்கியவளுக்கு அத்துணையே போதுமானதாக அமைந்துவிடுவதும் உண்டு. ஆனால் கட்டியை வேரோடு கரைத்துவிடுவதாக விளம்பரம் செய்யப்படும் இரகசிய மருந்துகளில் பணத்தையும், அதைவிட அரிய காலத்தையும் இழத்தல் வேண்டா.

மடையை அடைக்கும் முறை

கத்தியின்றிச் செய்யும் முறைகளில் 'எம்பாலிசேஷன்' என்பது பெரிதும் ஆராயப்பெற்றது. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழல் ஒன்றை உட்செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே கர்ப்பப்பையின் இரு தமனிகளையும் சென்றடைந்து, மணற்பொடியையொத்த நுண்துகள்களைச் செலுத்துவர். கட்டிக்குப் போகும் இரத்தம் தடைப்படும். மடையை அடைத்தால் வாய்க்காலில் மண்டிய பாசி காய்ந்து சுருங்குவது போல, கட்டியும் சில மாதங்களில் ஏறக்குறையப் பாதியளவாகச் சுருங்கும். கர்ப்பப்பைக்கு வேறு சிறு குழாய்களின் வழியே இரத்தம் கிடைப்பதால் அது பிழைத்துக்கொள்கிறது.

இம்முறை தோன்றிய விதம் சுவையானது. பாரிஸ் நகரில் ஜாக் ராவினா என்ற வைத்தியர், ரண சிகிச்சையின்போது இரத்த இழப்பைக் குறைப்பதற்காகவே முன்னதாக இவ்வடைப்பைச் செய்வித்தார். ரண சிகிச்சைக்குக் காத்திருந்த பெண்களுட் பலர், தமது தொல்லை தீர்ந்துவிட்டது, இனிக் கத்தி வேண்டா என்று கூறினர். அதன்மேல் இதனைத் தனிச் சிகிச்சையாகவே அவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, 1995-இல் உலகறியச் செய்தனர்.

இதிலும் குறைகள் உண்டு. செய்த அன்றும் அடுத்த சில நாட்களும் வயிற்றுவலி கடுமையாக இருக்கும், காய்ச்சலும் வரலாம். நாற்பத்தைந்தைக் கடந்தவர்களுள் சிலருக்குச் சூற்பைகளின் இயக்கம் நின்று, மாதவிலக்கு அப்போதே நின்றுவிடக்கூடும். மகப்பேறு விரும்புவோர்க்கு இது முதல் தேர்வாகச் சொல்லப்படுவதில்லை. கருவுற்றவர், கர்ப்பப்பையில் கிருமித் தொற்றுள்ளவர், புற்றுநோய் ஐயமுள்ளவர் ஆகியோர்க்கு இது கூடாது. தேர்ந்த நிபுணரும் இயந்திரங்களும் வேண்டியிருப்பதால் பெரிய நகரங்களின் ஆஸ்பத்திரிகளிலேயே இது கிட்டும். ஒலியலைகளைக் குவித்து, கட்டியை உள்ளேயே வெப்பத்தால் அழிக்கும் முறையும் ஒன்று உண்டு. அதனை அமெரிக்கா 2004-இல் அங்கீகரித்தது. ஆனால் எல்லாக் கட்டிகளுக்கும் அது ஏற்றதன்று.

கட்டியை மட்டும் எடுத்தல்

கர்ப்பப்பையைக் காத்து, கட்டியை மாத்திரம் நீக்கும் ரண சிகிச்சைக்கு 'மயோமெக்டமி' என்று பெயர். இதனை வளர்த்தவர்களுள் இலண்டன் மாநகரின் விக்டர் பானி என்பவர் முதன்மையானவர். கட்டி என்றால் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது சாதாரணமாயிருந்த காலம் அது. அவருடைய மனைவிக்கும் அவ்வாறே எடுக்கப்பட்டு, அவ்விருவருக்கும் மக்கட்பேறு இல்லாமற் போயிற்று. அத்துயரை அறிந்த அவர், இரத்தம் பெருகாமல் கட்டிகளை அகற்றும் வழிகளை வகுப்பதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். நூற்றுக்கணக்கான பெண்களுக்கு அவர் கர்ப்பப்பையைக் காத்துக் கொடுத்தார்.

இன்று இது மூன்று வகையாகச் செய்யப்படுகிறது. உட்குழிக்குள் துருத்தி நிற்கும் கட்டியை, வயிற்றைக் கீறாமலே, பிறப்பு வாயின் வழியாகக் கருவியைச் செலுத்தி அகற்றலாம். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். சுவரிலும் வெளியிலும் உள்ளவற்றை வயிற்றில் சிறு துளைகளிட்டு லேப்ராஸ்கோப் மூலமாகவோ, வயிற்றைத் திறந்தோ எடுக்க வேண்டும். குழந்தை வேண்டுமென்போர்க்கு இதுவே பெரும்பாலும் உகந்தது. இதன் குறை யாதெனில், கர்ப்பப்பை இருக்கும் வரை புதிய கட்டிகள் முளைக்கக்கூடும். ஆழமாகக் கீறப்பட்ட சுவரையுடையவர்க்குப் பின்னர்ப் பிரசவம் சிசேரியனாகவே அமையவும் நேரலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கட்டியைத் துண்டுதுண்டாக அரைத்துச் சிறு துளை வழியே வெளியேற்றும் மின்கருவியைப் பற்றி அமெரிக்க நிறுவனம் 2014-இல் எச்சரித்தது. நார்க்கட்டி என்று கருதி ரண சிகிச்சை செய்யப்படும் பெண்களில் ஏறக்குறைய 350 பேரில் ஒருவருக்கு அறியப்படாத புற்று மறைந்திருக்கலாம் என்றும், அரைக்கும்போது அது வயிறெங்கும் பரவக்கூடும் என்றும் அது கணித்தது. ஆகவே துளை வழிச் சிகிச்சைக்கு இசைவோர், கட்டியை எவ்வாறு வெளியே எடுப்பீர்கள் என்று கேட்டறிதல் நன்று.

கர்ப்பப்பையை எடுத்தல்

கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால் கட்டி மீண்டும் வாராது, மாதப்போக்கும் இராது. பிள்ளைப்பேறு முடிந்து, பல பெரிய கட்டிகளால் வருந்தி, பிற வழிகளால் குணம் காணாதவளுக்கு இது பெரும் விடுதலையாகவே அமையும். இதனை எவரும் இழித்துரைத்தல் தகாது.

ஆனால் இது மீள முடியாத முடிவு. சூற்பைகளைக் காத்துவைத்தாலும், மாதவிலக்கு நிற்கும் பருவத்தின் விளைவுகள் சில ஆண்டுகள் முன்னதாக வந்துவிடக்கூடும். காரணமின்றிச் சூற்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், இளம் வயதிலேயே எலும்புத் தேய்வும் இருதய நோய்க்கு இடமும் உண்டாகின்றன. வயிற்றைத் திறந்து செய்தால் ஏறக்குறைய ஆறு வாரம் ஓய்வு வேண்டும். துளை வழியாகவோ பிறப்பு வாயின் வழியாகவோ செய்தால் அதனினும் குறைந்த காலம் போதும். அந்நாட்களில் குழித்தறியின் மிதியை மிதித்தலும், தண்ணீர்க் குடம் தூக்குதலும், தலைச்சுமை எடுத்தலும் கூடா.

இதனைப் பற்றி நம் நாட்டில் கவலைக்குரிய செய்திகள் உண்டு. 2015-16-இல் நடந்த கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு மூவர் கர்ப்பப்பை அகற்றப்பட்டவர்கள். அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு தனியார் ஆஸ்பத்திரிகளில் நடந்தவை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டச் செல்லும் பெண்களைப் பற்றி 2019-இல் அரசாங்கக் கமிட்டி ஒன்று விசாரித்தது. 82,309 பெண்களில் 13,861 பேர், அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவர், கர்ப்பப்பையை இழந்திருந்தனர். கணவனும் மனைவியும் ஒரே ஜோடியாக ஒப்பந்தம் செய்யப்படுவர். ஒரு நாள் வேலைக்கு வாராவிடில் அபராதம். மாதவிலக்கு நாட்களின் ஓய்வுகூட நஷ்டம் என்ற நிலையில், பையை எடுத்துவிடுவதே மேல் என்று அவர்கள் தள்ளப்பட்டனர். கரும்பு பயிரிடும் அங்கத்தினர்கள் இச்செய்தியை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் பொருட்டு மத்திய சுகாதார அமைச்சு வகுத்த விதிமுறைகளை, மூன்று மாதங்களுக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்று நடத்த வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது.

வரவும் செலவும்

கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைப் பார்ப்பவர்கள் இன்றைய விலையை மட்டும் பாரார். பின்னர் வரும் செலவையும் சேர்த்தே பார்ப்பர். சிகிச்சைக்கும் அதுவே முறை.

பிரிட்டனில் 157 பெண்களைக் கொண்டு ஓர் ஒப்பீட்டு ஆராய்ச்சி நடந்து, 2007-இல் வெளியாயிற்று. எம்பாலிசேஷன் செய்துகொண்டவர்கள் ஒரே நாளில் வீடு திரும்பினர். ரண சிகிச்சை பெற்றவர்களுக்கு ஐந்து நாட்களாயின. ஓராண்டு முடிவில் இரு சாராரின் நலமும் ஒத்திருந்தது; எம்பாலிசேஷனுக்குச் செலவும் குறைவு. ஆனால் ஐந்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, எம்பாலிசேஷன் பெற்றவர்களில் நூற்றுக்கு 32 பேருக்கு மீண்டும் சிகிச்சை தேவைப்பட்டிருந்தது. ரண சிகிச்சை பெற்றவர்களிலோ நூற்றுக்கு 4 பேருக்குத்தான். செலவும் சமமாகிவிட்டது. அங்கேயே 254 பெண்களிடம் நடந்து 2020-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, எம்பாலிசேஷனையும் கட்டியை மட்டும் எடுக்கும் சிகிச்சையையும் ஒப்பிட்டது. இரண்டாண்டு முடிவில் இரு சாராரும் முன்னைவிடப் பெரிதும் நலமடைந்திருந்தனர். கட்டியை எடுத்துக்கொண்டவர்களின் நலம் சற்றே மேலாக இருந்தது.

இவற்றிலிருந்து கொள்ளத்தக்க பாடம் இது: விரைவில் வேலைக்குத் திரும்ப வேண்டும், பையும் இருக்க வேண்டும் என்பவளுக்கு எம்பாலிசேஷன் நல்லது, ஆனால் மூவரில் ஒருத்திக்கு மறுமுறை சிகிச்சை நேரலாம் என்பதை அறிந்தே இசைய வேண்டும். மறுமுறை என்பதே வேண்டா என்பவளுக்கு ரண சிகிச்சை ஏற்றது. ஆனால் ஓய்வுக்கும் கூலி இழப்புக்கும் ஆயத்தமாக வேண்டும். நிற்கும் வயதை நெருங்கியவள் மருந்தால் காலம் கடத்தலாம். மகப்பேறு விரும்புபவள் கட்டியை மட்டும் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

1. என் கட்டிகள் எத்தனை? எந்த இடத்தில், எவ்வளவு பெரியவை?

2. என் தொல்லைக்குக் காரணம் அக்கட்டிதானா, வேறு ஒன்றா?

3. இப்போதே சிகிச்சை செய்யாவிட்டால் என்ன ஆகும்?

4. மருந்து, எம்பாலிசேஷன், கட்டியை மட்டும் எடுத்தல் ஆகியவற்றுள் எனக்கு எது பொருந்தும்? பொருந்தாவிடில் காரணம் யாது?

5. பையை எடுப்பதாயின், சூற்பைகளைக் காப்பீர்களா?

6. எத்தனை நாள் ஓய்வு? மொத்தச் செலவு என்ன? காப்பீட்டுத் திட்டத்தில் இது அடங்குமா?

இவற்றுக்குப் பொறுமையுடன் விடை சொல்லும் வைத்தியரையே நம்பலாம். ஐயமிருப்பின் அரசாங்கத் தலைமை ஆஸ்பத்திரியிலோ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ இரண்டாவது கருத்தைக் கேட்பதில் பிழையில்லை. ஆனால் மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம் காணுதல், அதன் பின்னரும் கட்டி வளர்தல், மயக்கம் வருமளவு போக்கு ஆகிய மூன்றில் எது நேரினும் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது.

சங்கங்களும் இதில் செய்யத்தக்கது உண்டு. மாதர் அங்கத்தினர்களுக்கு ஆண்டுக்கொரு முறை ஹீமோகுளோபின் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யலாம். சிகிச்சைக்குப் பிந்திய ஓய்வு வாரங்களில் நூலும் வேலையும் வேறு கைக்கு மாறிப் போகாமல் அவளுக்கெனக் காத்துவைக்கலாம். கடன் தவணையைச் சிறிது தள்ளிவைக்கலாம். கூலி போய்விடுமே என்ற அச்சத்தால் ஒரு பெண் தன் உடலைப் பற்றிய முடிவை எடுக்க நேராதபடி காப்பதும் கூட்டுறவின் கடமைகளுள் ஒன்றேயாகும்.